வாய் மறக்காத எண்

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பத்து இலக்கமும் தடங்கலில்லாமல் வந்திருந்தன. கல்யாணமான நாளிலிருந்து எல்லாக் கடையிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய எண். கணவனுடைய எண்.

"சுகுமாரன்னு பேர் வருதுங்க்கா. சரிங்களா?" என்றாள் பில் போடும் பெண். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் திலகா என்று இருந்தது.

அதற்குள் பில் வெளியே வந்துவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து மகளோடு கிளம்பும் முன் எல்லாவற்றையும் அவனிடமிருந்து மீட்டிருந்தாள். அவன் திறந்துகொடுத்த மின்னஞ்சலை அழித்தாள். அவனுக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளை மாற்றினாள். அவள் எங்கே போனாலும் போன் அவனுக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்து நிறுத்தினாள். இணையத்தில் போட்டிருந்த குழந்தையின் படங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். கடைசியில் சிம்மை உடைத்து ஆற்றில் போட்டாள்.

பொள்ளாச்சிக்கு வந்த பிறகுதான் மகள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறாள்.

"இதை அழிச்சிடும்மா."

"மெசேஜ் போயிருச்சுங்க்கா."

"எந்த ஊர்க் கடைன்னு அதுல இருக்குமா?"

"கிளை பேரு, கடை போன் நம்பர், எல்லாமே இருக்குங்க்கா."

"அவர் நம்பரையாவது எடுத்துடேன்."

"எடுக்கோணும்னா அதே நம்பருக்குத்தான் ஓடிபி போகும். அவரு சொன்னாத்தான் எடுக்க முடியும்."



திலகா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, புடவையைப் பற்றிக்கொண்டு நின்ற குழந்தையை.

மேசையில் இருந்த கடை போன் அடித்தது. திலகா எடுத்தாள்.

"ஆமாங்க சார். பொள்ளாச்சிதானுங்க."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்வை அவள் மேலேயே இருந்தது.

"இல்லீங்க சார். அப்படி யாரும் வரலீங்க. நாந்தான் நம்பரைத் தப்பா அடிச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க சார்."

அவள் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு திலகா பெருமூச்சு விட்டாள். லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"நம்பிட்டாருங்க்கா. கத்தவே இல்ல. ரொம்ப மரியாதையாப் பேசுனாரு."

அந்த மரியாதை அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருவதும் தெரியும்.

"வேற என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கலீங்க்கா. கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்னு மட்டும்..."

சொல்லிக்கொண்டே வந்த திலகா பாதியில் நிறுத்தினாள்.