பதினேழாவது பின்

ஹெப்பாள் அலுவலகத்தில் சௌம்யாவுக்கு மூன்று நாளாக ஒரே ரோதனை. சர்க்யூட் போர்டின் பதினேழாவது பின்னை டிரைவர் நிரலில் அவுட்புட் என்று எழுதுவாள். மறுபடி இயக்கினால் அது இன்புட்டுக்கே திரும்பியிருக்கும். அவுட்புட் என்றால் அந்தப் பின் பேசும். இன்புட் என்றால் வெறுமனே கேட்கும். அது பேசினால்தான் விளக்கு சிமிட்டும். போர்டு இன்றைக்கே வாடிக்கையாளருக்குப் போயாக வேண்டும்.

போர்டை மாற்றினாள். விளக்கைக் கழற்றி மேசையில் போட்டாள். நிரலை வரிவரியாகப் பார்த்தாள். பதினேழு கேட்டுக்கொண்டே இருந்தது.

"எதைக் கேக்குது இது? ஒயர்கூட இல்லையே!"

"நீ திட்டறதத்தான்," என்று சிரித்துவிட்டுப் பக்கத்து மேசை உதயகுமார் நஞ்சன்கூடு பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான்.

அலுவலகத்தில் அவள் கன்னடத்தில்தான் கோபப்படுவாள். இப்போது கொள்ளேகால் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மூணு நாளா கேட்டுட்டே இருக்கறயே, என்னதான் வேணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லித் தொலை!"

திரையில் பதினேழுக்கு நேரே இருந்த சொல் அவுட்புட் என்று மாறியது. மேசையில் தனியாகக் கிடந்த விளக்கு நிதானமாகச் சிமிட்டத் தொடங்கியது.