துணைக்குப் போனவர்

ஏரம்பர் இவ்வளவு பயந்தாங்கொள்ளி என்று மாயாண்டிக்கு இந்தப் போகத்தில்தான் தெரிந்தது.

மாங்குளத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். யானை வந்தால் வெடி கொளுத்திக்கொண்டு முன்னால் ஓடுகிற மனுசன் ஏரம்பர். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் வரம்பில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"மாயாண்டி, எங்கடை வயசு ஆம்பிளையளுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் இருக்கோ எண்டு இரத்தத்திலை பாப்பினமாம். எனக்குச் சலம் போறது கரைச்சலாக் கிடக்கு. தனியப் போகப் பயமாயிருக்கு. நீயும் வந்து இரத்தம் குடு."

மாயாண்டிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சிறுநீர் போவதில் அதே தொல்லை அவருக்கும் இருந்தது. ஆனால் மனைவி மீனம்மாவிடம்கூட மூச்சு விட்டதில்லை. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிக் கமம் செய்த உடம்பு, வயசுபோனால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

இருந்தாலும், பாவம், கூப்பிடுகிறாரே என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். பஸ் முழுக்க நக்கல்தான். ஊசிக்குப் பயந்தவரை எந்த மடையன் கமக்காரர் அமைப்புக்குத் தலைவராக்கினான் என்று கேட்டார். ஏரம்பர் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

முடிவு கேட்கப் போன அன்று நக்கல் வரவில்லை. ஒன்றாக வந்தோம், ஒன்றாகவே சொல்லுங்கோ என்று ஏரம்பர் கேட்டதால் டொக்டர் இருவரையும் உள்ளே இருத்தினார்.

இரத்தத்தில் பார்த்த அளவு ஏரம்பருக்கு 0.01, சைபர் தசம் சைபர் ஒன்று. பயப்பட ஒன்றுமில்லை.

நாலுக்குள் இருக்க வேண்டியது மாயாண்டிக்குப் பதினெட்டு. டொக்டரின் முகம் மாறியது. இதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது, ஸ்கேன் செய்து, சதை எடுத்தும் பார்க்க வேண்டும், நல்லவேளை வந்தீர்கள் என்றார். மாயாண்டியின் காதில் 'புற்றுநோய்' மட்டும்தான் விழுந்தது. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதையாகிவிட்டதே என்று நெஞ்சு கொதித்தது.

"பயந்தது நீங்க. கூட்டிட்டு வந்தது நீங்க. உங்களுக்கு ஒண்ணுமில்ல. நான் பாட்டுக்கு வயல்ல கெடந்தேன். என்னை எதுக்குண்ணே இதுக்குள்ள இழுத்துவிட்டீங்க?"

மாயாண்டிக்கு அதோடும் ஆறவில்லை. டொக்டர் பக்கம் திரும்பினார். ஒரே தண்ணி, ஒரே மண், இவரைவிட நான் இளையவன், இவருக்கு மட்டும் எப்படி ஒன்றுமே இல்லாமல் போனது என்று கேட்டார்.

டொக்டர் ஏரம்பரைப் பார்த்தார். ஏரம்பர் மெல்லத் தலையாட்டினார்.

"ஐயா, புரொஸ்டேட் சுரப்பி உள்ள ஆம்பிளைக்கு இவ்வளவு குறைவா வாறது அபூர்வம். இவருக்குப் புற்றுநோய் வந்து, சுரப்பியை வெட்டி எடுத்து ரெண்டு வருசம். இந்தப் பரிசோதனைக்கு என்னட்டை ஒழுங்கா வாறவர்."

இரண்டு வருசமாக அடுத்த வயலில் நின்ற மனுசன், ஒரு சொல் சொன்னதில்லை.

ஏரம்பர் மாயாண்டியின் தோளில் கையை வைத்தார்.

"வரம்பிலை சலம் போக நீ படுற பாட்டைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். உனக்குச் சுகமில்லை, வா எண்டால் வந்திருப்பியோ?"