எட்டாமவரின் கால்

“அளவு போன வருஷம் மாதிரியேதானேம்மா?”

அரண்மனை மேலாளர் சாதாரணமாகத்தான் கேட்டார். செருப்புத் தைப்பவள் கையிலிருந்த கரித்துண்டைக் கீழே வைத்தாள்.

திரைக்கு அடியில் நீண்டிருந்த பாதத்தைச் சுற்றி அவள் அப்போதுதான் கரிக்கோடு இழுத்து முடித்திருந்தாள். போன வருடத்தை விட அரை விரல் நீளம். அகலமும் கூடுதல். அறுபதைத் தாண்டிய மன்னருக்குக் கால் வளருமா?

அந்த வம்சத்தில் எல்லா மன்னர்களுக்கும் ஒரே பெயர். எண் மட்டும் மாறும். இவர் எட்டாமவர். மன்னரின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. வணங்கக் குனிகிறவர்களுக்குத் திரைக்குக் கீழே சிவப்புச் செருப்பு மட்டும் தெரியும்.

எட்டாமவர் போய்ச் சேர்ந்துவிட்டார், யாரையோ பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. புரிந்தது மேலாளருக்குத் தெரிந்தால் தலை தங்காது.

“அதே அளவுதாங்க ஐயா,” என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவனின் காதில் சொன்னாள். அவன் எழுந்து கதவைச் சாத்தினான். பெரிதாகத் தைத்தால் உனக்குத் தெரியும் என்று நீயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றான்.

“வாய் சொன்ன அளவையே கையும் தைக்கட்டும்.”

பழைய அளவிலேயே தைத்தாள். பத்தாம் நாள் செருப்பு அரண்மனைக்குப் போனது. பதினோராம் நாள் காலை மேலாளர் அதே செருப்போடு வாசலில் நின்றார். பின்னால் நான்கு காவலர்கள்.

“சேரலைம்மா. வணங்க வந்தவங்க முன்னாடி நொண்டிட்டார்,” என்றவர், சற்று நிறுத்திச் சொன்னார்: “இனிமே நொண்ட மாட்டார்.”

அவள் அப்படியே காலில் விழுந்தாள். தப்பு என்னுடையது, பொழுது சாய்வதற்குள் வேறு ஜோடி தைத்துத் தருகிறேன், நொண்டியவரை விட்டுவிடுங்கள் என்று என்னென்னவோ உளறினாள். மேலாளர் கோபப்படவே இல்லை. தோலைத் தடவிப் பார்த்தார்.

“புதுச் செருப்பு கடிக்குமே. யாராவது போட்டு நடந்து இளக்கித்தானே அனுப்புவீங்க?”

தொழிலைப் பற்றிய பேச்சு வந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது.

“ஆமாங்க ஐயா. எப்பவும் என் வீட்டுக்காரர் இவர்தான். மன்னர் காலும் இவர் காலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்.”

சொல்லி முடிப்பதற்குள் கணவனின் முகம் வெளுத்துப் போனதை அவள் கவனிக்கவில்லை.

“செருப்ப மாத்தினா ஜனங்களுக்குத் தெரிஞ்சுடும்மா,” என்றபடி மேலாளர் குனிந்து அதை அவன் காலடியில் வைத்தார்.

அளவு கச்சிதமாக இருந்தது.

காவலர்கள் நால்வரும் தலை குனிந்து வழி விட்டார்கள். எட்டாம் மன்னர் சிவப்புச் செருப்போடு அவள் வீட்டுப் படியிறங்கிப் போனார்.