நார் வெளுத்த கிணறு

பாலாற்றங்கரையில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். உள்ளே இறக்கிய வாழைநார் தோல் ஆலைக் கழிவின் குரோமியத்தைக் குடித்துப் பச்சையாக ஏறி வந்தால், உலோக வியாபாரி அதை வாசலுக்கே வந்து வாங்குவான். வருஷா வருஷம் வரும் அந்தப் பணம்தான் பெண்ணுக்குச் சீர். மகள் கல்யாணம் கூடிவர வேண்டுமே என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஏகாம்பரம் கயிற்றை இழுத்தார். நார் வெள்ளை வெளேரென்று வந்தது.

“மொத்தத்தையும் உறிஞ்சி வித்துட்டு, வெறுந்தண்ணிய எங்க தலையில கட்டுறீங்களே, நல்லா இருக்கா?” மாப்பிள்ளையின் அப்பா செருப்பைத் தேடினார்.

மகள் தேன்மொழி அதே கிணற்றில் ஒரு செம்பு மொண்டு வந்தாள். “கோவம் இருக்கட்டும் மாமா, தாகத்துக்காவது குடிச்சிட்டுப் போங்க.”

மாப்பிள்ளை கைநீட்டி வாங்கினான். “எங்க கிணத்துல கை கழுவக்கூட முடியாதுங்க” என்றபடி தயங்கித் தயங்கிக் குடித்தான். பிறகு இன்னொரு செம்பு கேட்டான்.

அவன் அப்பா ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றார்.