இன்னொருக்காச் சொல்லுங்கோ

"தலைவர், எனக்கு வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ!"

வந்திட்டார் சீவரத்தினத்தார்! வினோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் தொடங்கிக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் இது மூன்றாம் தரம்.

உற்பத்தியாளர் சங்கத்துக்கு அவள் செயலாளர். பெற்றோல் தட்டுப்பாட்டோடு தொடங்கிய பழக்கம், இப்போதும் மாதாந்தக் கூட்டம் கொம்பியூட்டரில்தான். ஏழு ஊருக்கு ஏழு பேர், ஏழு பெட்டிக்குள் ஏழு முகம். பண்டத்தரிப்பில் இருந்தபடி எல்லாரையும் கட்டி மேய்ப்பது வினோஜா. மயிலிட்டிக் கருவாட்டுக் கொட்டிலை மூடுவதா இல்லையா என்று இன்றைக்கு முடிவெடுக்க வேண்டும். இந்த மனிசன் விட்டால்தானே!

போன கிழமையே போனில் நயமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணை, காதுக்கு ஒரு மிசின் வாங்குங்கோவன்."

"ஓம் பிள்ளை, பாப்பம்" என்று சிரித்ததோடு சரி.

தலைவர் சண்முகநாதன் கொட்டில் விஷயத்தைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சீவரத்தினத்தார் மறுபடி வாயைத் திறக்க, வினோஜா சட்டென்று அவருடைய மைக்கை மூடினாள். இனி அவராகத் திறக்கவும் ஏலாது. அப்பாடா!

பெட்டிக்குள் அவர் வாய் அசைந்தது. இரண்டு கையையும் ஆட்டினார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"கொட்டிலை மூடுவம். அங்கை வேலை செய்யிற பன்னிரண்டு பொம்பிளையளும் தெல்லிப்பழைக்கு வந்துபோகட்டும். மயிலிட்டி என்ன சொல்லுது?" என்று தலைவர் கேட்டார்.

மயிலிட்டிக்காக வந்திருந்த மகாதேவி தன் பெட்டிக்குள் சிரித்தபடி இருந்தாள்.

"சிரிக்கிறா. அப்ப சம்மதம்தான். எழுதுங்கோ பிள்ளை."

எழுதினாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. சங்கம் இப்படியொரு கூட்டத்தைக் கண்டதே இல்லை!

தேத்தண்ணி ஊற்ற எழும்பியவளுக்குப் போன் வந்தது. மகாதேவி.

"பிள்ளை, கூட்டம் முடிஞ்சுதோ? என்ரை படம் வழக்கம்போலை இடையிலை விறைச்சுப் போச்சு. ஒரு சத்தமும் இல்லை."

வினோஜா கேத்தலைக் கீழே வைத்தாள்.

"வழக்கம்போலையோ? நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே அக்கா?"

"எல்லாருக்கும் முன்னாலை சொல்லக் கூச்சமாக் கிடக்கு. ஆனா சீவரத்தினம் அண்ணை கண்டுபிடிச்சிடுவார். நான் திரும்பி வந்தாப்போலை, தனக்குக் கேக்கேல்லையெண்டு சொல்லித் திருப்பிக் கேப்பார். இண்டைக்கு அவர் இடையிலை எழும்பிப் போட்டாரோ? கொட்டிலுக்கு என்ன முடிவெடுத்தனீங்கள் பிள்ளை?"

"திரும்பக் கூட்டத்துக்குள்ளை வாங்கோ அக்கா" என்றாள் வினோஜா.

எல்லாரையும் மறுபடி கூப்பிட்டாள். ஏழு பெட்டியும் நிறைந்ததும் முதல் வேலையாகச் சீவரத்தினத்தாரின் மைக்கைத் திறந்தாள். மகாதேவியின் முகம் அசைகிறதா என்று பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"தலைவர், எனக்கு வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."