பீரோ பூட்டில் கீறல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரப் பெரியவர், அவர் மகன், மருமகள், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள், புரொஜெக்டருக்குப் புது பல்பு மாட்ட வந்த லென்ஸ் மெக்கானிக். ஆறாவது, மாடியில் குடியிருக்கும் நான். சுவரில் வெள்ளைத் துணி கட்ட ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள்.

பெரியவரின் மனைவி இறந்துவிட்டார். அவர் நடமாடும் படமென்று அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஃபிலிம் சுருள். மகள் மறுநாள் விமானம் ஏற வேண்டும். அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகக் காத்திருந்தாள்.

பெரியவர் கட்டிலுக்கடியிலிருந்து தோல் பெட்டியை இழுத்துப் பூட்டைத் திறந்தார். வெல்வெட் துணியைப் பிரித்து, புரொஜெக்டர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூசணம்.

"இவ கை பட்டிருக்கு!" என்று மருமகளைக் காட்டினார்.

"என்னப்பா பேசுறீங்க?" என்றான் மகன்.

"பீரோ பூட்டைப் போய்ப் பாருடா, சுத்திலும் கீறல். நான் வெளியே போற நேரம் பார்த்துத் திறந்திருக்கா. அதனாலதான் போன மழைக்கு முன்னாடியே இதை மட்டும் எடுத்து இங்க வச்சேன். அதுக்குள்ள கைரேகையை வச்சுட்டா! இத்தனை வருஷத்துல என் லென்ஸ்ல ஒரு பொட்டுப் பூசணம் உண்டா? உங்கம்மா ஒரு நாள் அந்தப் பக்கம் போயிருப்பாளா?"

"அண்ணி, பீரோவைத் திறந்தது நீங்களா?" என்றாள் மகள்.

"நான்தான்" என்றாள் மருமகள்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. துணியின் மூலையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெக்கானிக் குறுக்கிட்டார். "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம் சார். மத்த லென்ஸெல்லாம் எங்கே?"

"அந்த பீரோவுலதான். அதுங்களுக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும்."

பெரியவர் பீரோவைத் திறந்தார். உள்ளே ஐந்து கேமரா லென்ஸ்கள் இருந்தன. மெக்கானிக் ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஐந்தும் பளிச். ஒவ்வொன்றின் அடியிலும், செருப்புப் பெட்டிக்குள் வருமே, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலம், அது ஒன்று.

"யாரோ இதையெல்லாம் அடிக்கடி வெளியே எடுத்து வெளிச்சமும் காத்தும் காட்டியிருக்காங்க சார். நீங்க பத்திரப்படுத்தினது மட்டும்தான் கெட்டிருக்கு. தோல் பெட்டி, இருட்டு, வெல்வெட் மெத்தை... உங்க பூசணம் ராஜா மாதிரி வாழ்ந்திருக்கு!"

மகன் சிரித்துவிட்டான். பெரியவர் சிரிக்கவில்லை.

"எதால திறந்தே?"

மருமகள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் காட்டினாள். அதன் தலையில் சின்னதாக ஒரு வெள்ளி மீன்.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா தொட விடுவீங்களா மாமா?"

பெரியவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "இது பிழைக்குமா?"

"இன்னொரு மழை போயிருந்தா கண்ணாடியையே அரிச்சிருக்கும். இப்ப மேலாகத்தான் படர்ந்திருக்கு."

வளையத்தைக் கழற்றி, கண்ணாடிகளை வரிசை மாறாமல் அடுக்கினார். பெராக்சைடையும் அம்மோனியாவையும் கலந்து பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமாகத் துடைத்தார். முதல் பஞ்சு கறுத்து வந்தது. இரண்டாவது பழுப்பு. மூன்றாவது வெள்ளையாகவே வந்தது.

"பிழைச்சுது!" என்று மகள் கத்தினாள்.

விளக்கை அணைத்தோம். சுவரில் பெரியவரின் மனைவி நடந்து வந்தார். இளவயது. கேமராவைப் பார்த்து, "போங்க, உங்களுக்கு வேற வேலையில்லை" என்பது போல வாயசைத்துவிட்டுத் திரும்பினார். புடவையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது.

கொண்டையும் தெரிந்தது. அதில் ஒரு வெள்ளி மீன்.

பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அத்தையோடதுதான் மாமா. பீரோவை இதால திறக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவங்கதான். கல்யாணமான வருஷத்திலிருந்து, மழை விட்டு வெயில் அடிக்கிறப்பெல்லாம் லென்ஸையெல்லாம் வெளியே எடுத்து வைப்பாங்களாம். 'அவர்கிட்ட சொல்லிடாதே, தன்னாலதான் நல்லாயிருக்குன்னு நெனச்சு சந்தோஷப்பட்டுட்டுப் போகட்டும்'னாங்க."

பெரியவர் சுவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தார். "கள்ளி! இன்னொரு தடவை போடுங்கப்பா!"

மூன்று தடவை போட்டோம். அப்புறம் பெரியவர் இடுப்பிலிருந்த சாவி வளையத்தைக் கழற்றி, பீரோவின் இரண்டு சாவிகளில் ஒன்றை மருமகளிடம் நீட்டினார்.

"ஊசியைத் தலையில வச்சுக்கோம்மா. இது உன்கிட்ட இருக்கட்டும்."

பீரோவின் இன்னொரு சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது.