போர்டு இலவசமாகத் துடைத்துத் தரப்படும்

கைராசிக்காரர் என்று கடைத்தெருவில் பெயர் வாங்கியவர் அந்தப் போர்டுக்காரர். இப்போது அந்தக் கைராசிதான் அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது.

தெருவில் முக்கால்வாசிக் கடைகளின் தகரப் பலகைகளை எழுதியது அவர்தான். பூச்சுக்கு மேல் பூச்சு பூசி, மழைக்கும் வெயிலுக்கும் அசையாதபடி எழுதித் தொலைத்திருந்தார். இனிமேல் கடைகளுக்கு விளக்கு எரியும் எழுத்துதான் என்று மனைவியின் நகையை விற்று எழுத்து வெட்டும் மெஷினை வாங்கிப் போட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. நன்றாக இருக்கிற போர்டை எவன் மாற்றுவான்?

"உங்க எழுத்துக்கு அழிவே கெடையாதுண்ணே" என்று புகழ்ந்தார் பாத்திரக்கடைக்காரர். போர்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

மெஷின் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. கல்லாவில் உட்கார்ந்து மனைவி ஈ ஓட்டினாள்.

"என்னங்க, இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா மெஷினை வந்த விலைக்குத் தள்ளிட்டுக் கடையை மூடிட வேண்டியதுதான்."

அன்றைக்கே அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைகடையாகக் கிளம்பிவிட்டார்.

"நான் எழுதின போர்டு. தூசி படிஞ்சு கிடக்கறதப் பாக்க மனசு கேக்கல. காசெல்லாம் வேணாம், தொடச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றார், முகத்தைப் பச்சைக் குழந்தைபோல வைத்துக்கொண்டு.

பட்டப்பகலில், ஊரே பார்க்க, ஏறித் துடைத்தார். போர்டுக்காரர் ஏணியில் நிற்பதை யார் சந்தேகப்படுவார்கள்? பாத்திரக்கடைக்காரர் உருகிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் கூசாமல் குடித்தார்.

வாளியில் இருந்தது தண்ணீர் இல்லை. பெயின்ட்டின் பிடியை மெல்ல மெல்லத் தளர்த்தும் ஒரு கரைசல். துடைத்த அன்று போர்டு கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு வாரம் போனால் எழுத்துகள் பொருக்குப் பொருக்காக உரிந்து விழும்.

"என்னண்ணே, நல்லாத்தான இருந்துச்சு? பொசுக்குன்னு இப்படி ஆயிடுச்சே."

"அதுக்கும் வயசாகுதுல்ல? பேசாம லைட் எழுத்துக்கு மாறிடுங்க. நமக்குள்ள என்ன, பாத்துப் போட்டுத் தரேன்."

மாறினார்கள். மெஷினுக்கு ஓய்வில்லை. அந்தி சாய்ந்தால் தெரு முழுக்க சிவப்பும் நீலமுமாக ஜொலித்தது. போர்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கூச்சம் கொஞ்சம் இருந்தது, சந்தோஷம்தான் அதிகம்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கி உள்ளே வந்தார். மூலையில் இருந்த வாளியைக் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"தெருவுல போர்டெல்லாம் வரிசையா உரியுதாமே?"

"வெயில் சார்..."

"வெயில் எல்லாக் கடை மேலயும்தான் அடிக்குது. நீங்க தொடச்ச கடையில மட்டும்தான் உரியுது. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

மனைவி போர்டுக்காரரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஜெயிலே மேல் என்றிருந்தது.

"சார், தப்புதான் சார். பொழப்பு போயிடுமேங்கற பயத்துல..."

"இங்க எதுவும் பேச வேணாம். நாலு பேர் பாக்கறாங்க. வாளியை எடுத்துக்குங்க. ஏணியையும் ஜீப்புல ஏத்துங்க."

சாட்சியப் பொருள்கள், என்று போர்டுக்காரர் நினைத்துக்கொண்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வக்கீலைப் பாரு" என்று அவளிடம் முணுமுணுத்துவிட்டு, வெட்டப் போகும் ஆடு மாதிரி வண்டியில் ஏறினார். வழியெல்லாம் அவர் மாட்டிக்கொடுத்த எழுத்துகள் கடைக்குக் கடை மினுக்கிக்கொண்டிருந்தன. மெஷினும் போச்சு, மானமும் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

ஸ்டேஷன் வந்தது. உள்ளே போகக் காலெடுத்து வைத்தவரை இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்து வாசலிலேயே நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேல பாருங்க. இந்தப் போர்டும் நீங்க எழுதினதுதானே?"

பார்த்தார். அவர் எழுத்தேதான். ஒரு கீறல்கூட இல்லை.

"ஊரே ஜொலிக்குது, எங்க ஸ்டேஷன் மட்டும் அழுது வடியுது. புது போர்டு கேட்டா, பழசு கெட்டுப்போனாத்தான் தருவோம்னு மேலிடத்துல எழுதிட்டாங்க."

சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏறுங்க, ஏணியை நான் புடிச்சுக்கறேன்."